‘மேல்தாடை – பழையது’ என்று எழுதிய பெட்டி

பிப்ரவரி 3

குட்டிச் சட்டை இணையக் கடையின் பொறுப்பாளருக்கு,

வணக்கம். உங்களிடம் வாங்கிய சட்டையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மஞ்சள் நிறம், முன்பக்கம் வாத்து. சட்டையில் குறை ஒன்றும் இல்லை, வாத்தும் நல்ல வாத்துதான். ஆனால் நான் கேட்டது பிறந்த குழந்தைக்கு. நீங்கள் அனுப்பியிருப்பது பொம்மைக்கு.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவன் இல்லை. தொழில், பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் வாய்க்குள் அச்சு எடுத்து எனக்கு அனுப்புவார்கள். அதற்குப் பொருத்தமாகப் பல்வரிசை செய்து, பெட்டியில் போட்டு நான் திருப்பி அனுப்புவேன். அரை மில்லிமீட்டர் பிசகினால்கூட மனிதர் பேசும்போது பல் தனியாகப் பேசும். அப்படிப்பட்ட கை என்பதால், உங்கள் படத்தைக் கைபேசியில் பார்த்ததும் அளவுகருவியை எடுத்துத் திரைமேலேயே வைத்து அளந்துவிட்டேன். சட்டை தொங்கிய ஹேங்கருக்கு என் வீட்டு ஹேங்கரின் அகலம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். மார்பகலம் முப்பத்து நான்கு சென்டிமீட்டர் வந்தது. பிரித்துப் பார்த்தால் இருபது! உங்கள் ஹேங்கரே குட்டி ஹேங்கர் என்பதை ஒரு வரி சொல்லியிருக்க வேண்டாமா?

இது எனக்கில்லை. என் நண்பர் ஒருவருக்கு. வயது நாற்பத்தேழு. கூச்ச சுபாவி. முதலில் துணிக்கடைக்குத்தான் போனார். விற்கிற பெண், “பேரப்பிள்ளைக்கா சார்?” என்று கேட்டதும் ஒரு கைக்குட்டையை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டார். புதுத்துணியை விட்டுப் பழையது ஏன் தேடுகிறார் என்றால், ஏற்கெனவே ஒரு குழந்தை நல்லபடியாகப் போட்டு, வளர்ந்து, பத்தாமல் போன சட்டை என்றால் அவருக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கிறதாம். என்னவோ, மனிதர் சுபாவம்.

சரியான அளவில் வேறு சட்டை அனுப்பவும். லேப் முகவரிக்கே அனுப்பவும், வீட்டுக்கு வேண்டாம். பார்சல் மேல் ‘குழந்தை’ என்ற சொல் எங்கும் இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாடிக்கையாளர்


பிப்ரவரி 9

வாடிக்கையாளருக்கு,

உன் நண்பருக்கு வயது நாற்பத்தேழு இல்லை. போன மாதம் பத்தொன்பதாம் தேதியோடு நாற்பத்தெட்டு முடிந்துவிட்டது. அவர் பிறந்த வீட்டில்தான் நானும் ஏழு வருடம் கழித்துப் பிறந்தேன். அதனால் தெரியும்.

லேப்பை எப்போது இடம் மாற்றினாய்? ஆர்டரில் உன் பெயர் இல்லை, முகவரியும் புதிது, யாரென்று தெரியாமல் அனுப்பிவிட்டேன். நேற்று உறையைப் பிரித்ததும் எழுத்தைப் பார்த்தேன். இப்படிக் கோழி கிளறிய மாதிரி எழுதுகிற ஆள் ஒருத்தர்தான் உண்டு. வாத்துக்குப் பாராட்டு வேறு.

உன்னோடு இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று நாலு வருடம் முன்னால் சொன்னேன், சரி. எழுதமாட்டேன் என்று சொல்லவில்லையே. இந்த வழி இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை பார். அதனால் எழுதுகிறேன். இது பேச்சு ஆகாது.

முதலில் வியாபாரம். அது பொம்மைச் சட்டை இல்லை. பிறந்த குழந்தை அவ்வளவுதான் இருக்கும், அறிவுக்கொழுந்தே. முப்பத்து நான்கு சென்டிமீட்டர் சட்டை என் மகள் பட்டாணிக்கு இப்போது சரியாக இருக்கும். அவளுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. உனக்குத் தெரிய நியாயமில்லை. அவள் போட்டுப் பத்தாமல் போனதை விற்கத்தான் இந்தக் கடையை ஆரம்பித்தேன். இப்போது ஊரில் பாதிப் பேர் வீட்டுத் துணி என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. உன் மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போய்விட்டு வந்து, நின்றுகொண்டே சாப்பிடுகிறார்.

விற்ற பொருளைத் திரும்ப வாங்குவது எங்கள் கடையில் இல்லை. வாத்தை உனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அடுத்தது, நண்பர். உனக்கு நண்பர்கள் யாரும் கிடையாது, எல்லாரையும் கிண்டல் செய்தே விரட்டிவிட்டாய். அதனால் நேராகவே கேட்கிறேன். அண்ணிக்கா?

ஆமாம் என்றால் ஒரு சொல் போதும். இல்லை என்றாலும் ஒரு சொல் போதும். இடையில் கதை வேண்டாம்.

கடைக்காரி


பிப்ரவரி 15

வாயாடிக்கு,

ஆமாம்.

ஒரு சொல் போதும் என்றாய். ஆனால் என்னால் ஒரு சொல்லோடு நிறுத்த முடியாது என்பதும் உனக்குத் தெரியும்.

ஐந்தரை மாதம் முடிந்திருக்கிறது. டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார். இதற்கு முன்னாலும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மூன்று தடவையும். அதனால் அவர் ‘நன்றாக’ என்று சொல்லும்போதெல்லாம் நான் இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்கிறேன். உன் அண்ணிக்கு நாற்பத்து மூன்று. எனக்கு நாற்பத்தேழு. சரி, எட்டு. பெண் பார்க்கப் போன அன்றே ஒரு வயதைக் குறைத்துச் சொல்லிவிட்டேன், இனிமேல் மாற்றினால் நம்பமாட்டாள்.

கடைசித் தடவை அலமாரியில் இரண்டு தட்டு நிறையத் துணி அடுக்கியிருந்தாள், உனக்கும் ஞாபகம் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அதைக் காலி செய்தவன் நான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் சத்தம் வராமல் எடுக்கப் பார்த்தேன். துணிக்குச் சத்தம் ஏது? ஆனால் அன்றைக்கு இருந்தது.

அதனால் இந்தத் தடவை ஆரம்பத்திலேயே சட்டம் போட்டுவிட்டாள். “ஒரு கைக்குட்டைகூட வீட்டுக்குள்ள வரக்கூடாது. முதல்ல ஆள் வரட்டும், அப்புறம் துணி.” நானும் பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு லேப்புக்குப் போனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மெழுகு உருகுகிற நேரம், பிளாஸ்டர் காய்கிற நேரம் எல்லாம் கைபேசியில் குட்டிச் சட்டை பார்க்கிறேன். மற்ற ஆண்கள் ஒளித்துப் பார்க்கிற விஷயங்கள் வேறு. நான் வாத்தும் முயலும் பார்க்கிறேன். யாராவது படியேறி வந்தால் சட்டென்று கவிழ்த்து வைக்கிறேன். வந்தவர்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ.

வாங்கினதை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே ‘மேல்தாடை – பழையது’ என்று எழுதி, அச்சுகள் அடுக்கியிருக்கும் அலமாரியில் மூன்றாவது தட்டில் வைத்திருக்கிறேன். எவனும் தொட மாட்டான்.

அண்ணிக்குத் தெரியக் கூடாது. போன் பண்ணிவிடாதே. உன் வைராக்கியத்துக்கு முதல் தடவையாக நன்றி சொல்கிறேன்.

பிறந்த குழந்தைக்கு என்னென்ன வேண்டும்? எனக்கு வாத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

அண்ணன்


பிப்ரவரி 22

அண்ணா,

‘அண்ணா’ என்று எழுதிவிட்டேன், பார். அடித்து அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

உன் ‘ஆமாம்’ வந்த அன்று இரண்டு பார்சலை முகவரி மாற்றி ஒட்டிவிட்டேன். ஒரு இரட்டைக் குழந்தை வீட்டுக்கு ஒரே ஒரு செருப்பு போயிருக்கிறது. மாப்பிள்ளை, “என்னாச்சு உனக்கு, அழறியா சிரிக்கிறியா?” என்றார். எனக்கே தெரியவில்லை.

தேவையானது: முன்பக்கம் முடிச்சுப் போடுகிற சட்டை ஆறு. தலை வழியாக மாட்டுவது வேண்டாம், உனக்கு மாட்டத் தெரியாது, பயத்தில் குழந்தையை உள்ளேயே விட்டுவிடுவாய். குல்லா இரண்டு. காலுறை நாலு ஜோடி, வாரத்துக்கு ஒன்று காணாமல் போகும், எங்கே போகிறது என்று கேட்காதே. மெல்லிய பருத்தித் துணி, பத்துக்குக் குறையாமல். மற்றதெல்லாம் அழகுக்கு. எல்லாம் இந்தப் பார்சலில் இருக்கிறது. வெந்நீரில் போட்டு, இரண்டு தடவை அலசி, வெயிலில் காயவைத்தது. மேலே ‘உதிரி பாகங்கள்’ என்று எழுதியிருக்கிறேன். போதுமா?

இனி என் பக்கம். நீ அதைத் தொடாமலே நழுவிவிட்டாய். நான் விடமாட்டேன்.

அண்ணி கடைசித் தடவை ஆஸ்பத்திரியில் இருந்த அதே வாரம்தான் எனக்கு உண்டாகியிருப்பது தெரிந்தது. நான் அவர்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். வாயில் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு உரித்தேன். எப்படிச் சொல்வேன்? நாளை, அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளி, வயிறு தெரிய ஆரம்பித்ததும் வருவதையே நிறுத்திவிட்டேன். அது தப்புதான். பயந்தாங்கொள்ளித்தனம்தான்.

ஆனால் நீ யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, பிள்ளைக்கு நாற்பது நாள் ஆனபோது வாசலில் வந்து நின்று என்ன கேட்டாய்? “எங்க கண்ணு பட்டுடும்னு பயந்து ஒளிச்சு வெச்சியா?” பட்டாணி என் தோளில் இருந்தாள். நீ அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எல்லாரையும் சிரிக்க வைக்கிற வாய் உனக்கு. அதிலிருந்து எனக்கு வந்தது அது.

இதை நாலு வருடமாக மனதில் எழுதி எழுதிப் பார்த்திருக்கிறேன். மனதில் எழுதும்போது இன்னும் காரமாக இருந்தது. தாளில் கொஞ்சம் ஆறிவிட்டது. பரவாயில்லை.

அண்ணியைப் படியேற விடாதே. காய்கறிப் பையை நீ தூக்கு.

கடைக்காரி


மார்ச் 27

கடைக்காரிக்கு,

ஒரு மாதமாகப் பதில் எழுதாததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். உண்மை ஒன்றுதான், உன் கடிதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. அது வந்த கதையைக் கேள்.

குட்டு உடைந்துவிட்டது. உடைத்த புண்ணியவான் நானே.

போன திங்கட்கிழமை கடைவீதிப் பல் டாக்டர், தன்னிடம் வருகிற ஓய்வுபெற்ற நீதிபதியின் விரிசல் விட்ட பல் செட்டைச் சரிசெய்ய அனுப்பியிருந்தார். மேல்வரிசை, பழசு. முறைப்படி அந்தப் பெட்டிமேல் என்ன எழுதுவேன்? அதையேதான் எழுதினேன். மறுநாள் வேலை முடிந்து அனுப்பும்போது, அலமாரியில் ஒரே பெயரில் இரண்டு பெட்டி. அரை மில்லிமீட்டர் பிசகாத கை, தப்பாமல் தப்பான பெட்டியை எடுத்தது.

கிளினிக்கில் நீதிபதி நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார். நாலு நாள் மேல்பல் இல்லாத மனிதர். டாக்டர் பெட்டியைத் திறந்தால் மேலாக இரண்டு குல்லா, நாலு ஜோடிக் காலுறை. நீதிபதி எட்டிப் பார்த்துவிட்டு, பல்லில்லாத வாயால், “இதை எந்தப் பக்கம் மாட்டணும் டாக்டர்?” என்றாராம். டாக்டர் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

சிரித்ததோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். வரவேற்பில் இருக்கிற அம்மாள் லேப்புக்குப் போன் பண்ணியிருக்கிறார். நான் பாலிஷ் மெஷினில் இருந்தேன், இடி விழுந்தாலும் கேட்காது. உடனே வீட்டு எண்ணுக்குப் போட்டுவிட்டார். சாயங்காலம் போனதும் உன் அண்ணி சொன்னது இவ்வளவுதான். “கிளினிக்லேருந்து போன். மேல்தாடை மாறிப்போச்சாம்.” தட்டை வைத்தாள், சாப்பாடு போட்டாள். அதன்பின் இரண்டு நாள் பேச்சே இல்லை. நம் குடும்பத்துப் பெண்களுக்கு அது கைவந்த கலை. வாக்கப்பட்டு வந்தவளும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் படியேறி லேப்புக்கே வந்துவிட்டாள். ஏற விடாதே என்று நீ எழுதியிருந்தாய், தெரியும். நான் பார்த்தபோது கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“கொண்டாங்க.”

கொண்டுவந்து வைத்தேன். குல்லாவும் காலுறையும் உட்பட எல்லாம் அதில் இருந்தது. டாக்டர் குல்லாவுக்கு மட்டும் இஸ்திரி போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார், நல்ல மனிதர். ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள். ஒரு சட்டையை மட்டும் மடிப்புக் கலைக்காமல் வெகுநேரம் பார்த்தாள்.

“இது யார்கிட்ட வாங்கினது?”

“ஆன்லைன்ல. ஏதோ ஒரு கடை.”

“ஏதோ கடையா? ரெண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டி மடிச்சிருக்கு. இப்படி மடிக்கிறவ எனக்குத் தெரிஞ்சு ஒருத்திதான். அஞ்சு வருஷம் ஒரே வீட்ல இருந்து அவ மடிச்ச துணியைத்தானே கட்டினேன்?”

நான் அசடு வழிந்தேன்.

“எத்தனை நாளா ரெண்டு பேரும் எழுதிக்கிறீங்க?”

“பிப்ரவரியிலேருந்து.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்...”

“அவளும் அதுக்குத்தானே சொல்லல? அவளை மட்டும் வாசல்ல நின்னு அப்படிக் கேட்டீங்க?”

சுற்றிலும் ஐம்பது அறுபது தாடை வரிசையாகத் திறந்திருக்கிற அறையில், என் வாய் மட்டும் மூடியிருந்தது.

இவ்வளவு நாளும் நான் அவளுக்காகக் கோபப்பட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கோபமே இல்லை. “நானா இருந்தாலும் மறைச்சிருப்பேன்” என்கிறாள். கோபம் எனக்கு மட்டும்தான் இருந்திருக்கிறது, அதுவும் உன்மேல் இல்லை. என் கை வெறுமையாக இருந்ததன்மேல். நீ கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றாய், உன்மேல் கொட்டிவிட்டேன்.

நான் கேட்டது தப்பு. அந்த வார்த்தைகளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உன் கடையில் அந்த வழக்கம் இல்லை, தெரியும். என் கடையில் உண்டு. பல் பொருந்தவில்லை என்றால் நாங்கள் திரும்ப வாங்கித்தான் ஆக வேண்டும்.

பட்டாணியின் முகத்தைப் பார்க்காமல் வந்ததற்கு என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

துணியை அவள் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. “இங்கேயே இருக்கட்டும்” என்றாள். ஆனால் இப்போது தினமும் ஆட்டோவில் நாலு மணிக்கு வருகிறாள். பெட்டியைக் கேட்கிறாள். எல்லாவற்றையும் பிரிக்கிறாள், திரும்ப மடிக்கிறாள், வைத்துவிட்டுப் போகிறாள். நான் பல்லைத் தேய்த்துக்கொண்டே பார்க்காத மாதிரி பார்க்கிறேன்.

உனக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னாள். “சோப்பு வாசனை ஜாஸ்தியா இருக்கு, பச்சைக் குழந்தைக்கு ஆகாது, இன்னொரு தடவை அலசணும்னு எழுதுங்க.”

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

அண்ணி என்னைத் திட்டியிருக்கிறார்கள்! நாலு வருடத்துக்கு அப்புறம்! உன் கடிதத்தில் கடைசி வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன். “சோப்பு ஜாஸ்தின்னு சொன்னதுக்கா இந்தக் குதி குதிக்கிறே?” என்கிறார். ஆண்களுக்கு ஒன்றும் புரியாது. மனசில் ஏதாவது வைத்திருந்தால் ‘துணி நன்றாக இருக்கிறது, நன்றி’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சோப்பை மாற்றிவிட்டேன். சொல்லிவிடு.

உன் மன்னிப்பு வந்தது. பொருந்துகிறது. ஓரத்தில் கொஞ்சம் உறுத்துகிறது, போகப்போகப் பழகிவிடும். உங்கள் தொழிலில் அப்படித்தானே சொல்வீர்கள்?

பட்டாணியின் முகத்துக்கு நீ ஒன்றும் செய்ய வேண்டாம். அது இப்போது வேறு முகம். முன்பல் ஒன்று ஆடுகிறது, சோபாவிலிருந்து குதித்து இடித்துக்கொண்டது. “பல்லு செய்யற மாமாகிட்ட வேற பல்லு வாங்கித் தா” என்று கேட்கிறாள். உன்னைப் பற்றி நான் சொல்லவே இல்லை என்று நினைத்தாயா? உன் கிண்டல்கள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். உன் பெயரைச் சொல்லாமல்தான் சொன்னேன்.

இன்னும் பத்து வாரம். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்காதே, நீலம் பாரித்துவிடுவாய்.

கடைக்காரி


ஏப்ரல் 24

ஆர்டர் படிவம் – ‘கடைக்குச் சொல்ல விரும்புவது’ கட்டம்

போனில் கூப்பிட்டால் எனக்குக் குரல் வராது. அதனால் இங்கே எழுதுகிறேன். காலையில் பிறந்துவிட்டாள். பெண். ஆறு வாரத்துக்கு மேல் முன்னாலேயே. ஒரு கிலோ எழுநூற்று ஐம்பது கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். தானாக மூச்சு விடுகிறாள், அதுவே பெரிது என்கிறார்கள். உன் அண்ணிக்கு மயக்கம் தெளிந்துவிட்டது, நன்றாக இருக்கிறாள், குழந்தையைத்தான் கேட்கிறாள். சட்டை கொண்டுவாருங்கள் என்றார் நர்ஸ். பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒன்றும் பொருந்தவில்லை. நான் பொம்மைக்கு என்று திருப்பி அனுப்பினேனே, அந்தச் சட்டை. அதற்குள் இவளைப் போல இரண்டு பேர் இருக்கலாம். இதைவிடச் சிறிதாக உன்னிடம் ஏதாவது இருக்கிறதா?

தேர்ந்தெடுத்த பொருள்: ஒன்றும் இல்லை
அனுப்ப வேண்டிய முகவரி: அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி, கண்ணாடிக் கதவு


மே 3

அண்ணா,

வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் தோளிலேயே தூங்கி வழிந்திருக்கிறேன். நல்லவேளை, அவர் பெண்.

நீயும் நானும் அங்கே ஐந்து நாள் சேர்ந்திருந்தும் ஒரு விஷயத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. நீ கவனிக்கவே இல்லையோ என்று பார்த்தேன். எழுதியே விடுகிறேன்.

உன் கட்டத்தைப் படித்த அரை மணியில் பையோடு கிளம்பினேன். கடையில் அவ்வளவு சிறிய சட்டை ஒன்றும் இல்லை. வழியெல்லாம் பஸ்ஸில் பருத்தித் துணியை வெட்டி, ஊசியும் நூலுமாக மூன்று சட்டை தைத்தேன். அளவு? நீ சொன்ன எடைக்கு ஒரு பப்பாளிப் பழத்தை நினைத்துக்கொண்டு வெட்டினேன். உன் ஹேங்கர் கணக்கைவிட நன்றாகவே வந்தது.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால், நீ மேல்சட்டை இல்லாமல் சாய்ந்து கிடக்கிறாய். உன் நெஞ்சின்மேல் கைப்பிடி அளவுக்கு ஏதோ ஒன்று. தாயோ தகப்பனோ மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டால் பிள்ளைக்குச் சூடு ஏறும் என்று நர்ஸ் அப்புறம் விளக்கிச் சொன்னார். எனக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. நீ யாரையோ பார்த்துப் பல்லைக் காட்டத் திரும்பினாய், அந்தச் சின்னத் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

“தலையைப் பிடிடா, கழுதை!”

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். நாலு வருடம் மூன்று மாதம் கழித்து அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை. அதுவும் டா போட்டு. உள்ளே கட்டிலில் இருந்த அண்ணி, “வந்துட்டாளா?” என்றார்கள், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

சட்டப்படி பார்த்தால் அது பேச்சு இல்லை, எச்சரிக்கை. தீப்பிடித்தால் கத்துவதில்லையா, அந்த மாதிரி. அதற்கப்புறம் ஐந்து நாள் வாய் ஓயாமல் பேசியதற்குத்தான் என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

நீ ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

நான் கிளம்பிய அன்று கண்ணாடிப் பெட்டியிலிருந்து சாதாரணக் கட்டிலுக்கு மாற்றிவிட்டார்களே, அந்த நிம்மதியில்தான் பஸ்ஸில் அப்படித் தூங்கினேன்.

தங்கச்சி


ஜூன் 9

தங்கச்சிக்கு,

தினமும் போனில் ஒரு மணி நேரம் பேசுகிறாய். அதில் எனக்கு ஒதுக்குவது ஒரு நிமிடம். மீதியெல்லாம் நாத்தனாரும் அண்ணியும். அப்புறம் எதற்குக் கடிதம் என்றால், கடைக்கு ஆர்டர் எழுத்தில் வந்தால்தான் செல்லும் என்று உன் அண்ணி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நீ கத்தினது எனக்குக் கேட்டது. எதிர்க்கட்டிடத்துக்கே கேட்டிருக்கும். சொன்னால், ஐயோ பேசிவிட்டோமே என்று நிறுத்திவிடுவாயோ என்று பயந்து சும்மா இருந்துவிட்டேன். கழுதை என்றதற்கும் சேர்த்துப் பொறுத்துக்கொண்டேன். வாழ்நாளில் நான் ஒரு பதிலடியை விழுங்கியது அன்றைக்குத்தான், இன்னும் செரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த கதையில் உனக்குப் பாதிதான் தெரியும். ஆட்டோவில் அவள் குழந்தையை வைத்துக்கொண்டு, “நேரா வீட்டுக்குப் போக வேண்டாம், லேப்புல நிறுத்துங்க” என்றாள். நான் மேலே போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன். என் மடியில் துணி, அவள் மடியில் ஆள். வீட்டு வாசலில் அவள் முதலில் இறங்கினாள். “முதல்ல இவ உள்ள போகட்டும். நீங்க எண்ணி அஞ்சு வரைக்கும் அங்கேயே நில்லுங்க” என்றாள். நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர், “என்ன சார், வீட்ல சேர்க்கலையா?” என்று கேட்டார். “சேர்த்துட்டாங்க சார். வரிசைப்படி சேர்க்கிறாங்க” என்றேன். ஐந்து எண்ணுவதற்குள் எனக்குக் கண் மறைத்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் தடுக்கி விழப் பார்த்தேன்.

இன்றுதான் குழந்தை பிறந்திருக்க வேண்டிய நாள், டாக்டர் முதலில் சொன்ன தேதி. பிறக்க வேண்டிய நாளில் நம் ஆள் என்ன செய்துகொண்டிருக்கிறாள் தெரியுமா? மூன்று கிலோவுக்கு ஐம்பது கிராம்தான் குறைவு, வயிறு முட்டக் குடித்துவிட்டு, என் தொப்பைமேல் படுத்துத் தூங்குகிறாள். அந்தத் தொப்பையை எத்தனை பேர் கிண்டல் செய்திருப்பீர்கள். இந்த வீட்டில் அதைவிட நல்ல மெத்தை கிடையாது. ஒரு கையால்தான் எழுதுகிறேன். இன்னொரு கை தலையைப் பிடித்திருக்கிறது, கவலைப்படாதே.

பல் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “இன்னும் ஆறு மாசத்துல நம்ம தொழிலுக்கு வந்துடுவா” என்றார். நீதிபதி ஒரு ஜோடிக் காலுறை கொடுத்தனுப்பியிருக்கிறார், புதுசு.

இனி ஆர்டர். மூன்று மாத அளவு நாலு, ஆறு மாத அளவு நாலு. இதுவரை சரி, எழுதிவிட்டேன். அடுத்து ஒரு வயது அளவில் இரண்டு என்கிறாள் உன் அண்ணி.

“ஒரு வயசுக்கா? இப்பவேவா?” என்றேன்.

“ஏன், ஆகாதா?”

“ஆகும்...”

“அப்ப எழுதுங்க.”

எழுதிவிட்டேன். ஒரு வயது, இரண்டு. நிறம் உன் இஷ்டம். வீட்டு முகவரிக்கே அனுப்பு, மேலே என்ன வேண்டுமானாலும் எழுது. இரண்டு வயதுக்கும் நல்லதாக வந்தால் யாருக்கும் கொடுத்துவிடாமல் எடுத்து வைக்கச் சொல்கிறாள். பட்டாணியின் மழைக்கோட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறாள். நான் பேனாவை மூடப் போனேன், கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். பள்ளிக்கூடச் சீருடை உன்னிடம் வருமா என்று கேட்டு எழுத வேண்டுமாம். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வருமா?

அண்ணன்